ஆசான் விடைபெறும் பருவம்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறிச் செல்வோர் புதூர்நாட்டைப் போலவே நெல்லிவாசல்நாடு என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பார்கள். சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலங்கள், புளிய மரங்கள், பலா மரங்கள், மலையாளிகள் என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்களின் வீடுகள் ஆகிய இவற்றிற்கிடையே சமமான தரை என்பது அங்கே அரிதிலும் அரிது. பிள்ளைகள் கால்பந்து ஆடும் திடல்கூட ஒரு புறம் சாய்ந்தே கிடக்கிறது. தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆடுகிறவர்களுக்கு மேட்டில் ஏறிக் கோல் போடுவது பெரும்பாடு. உயர்ந்த பக்கத்திலிருந்து ஆடுகிறவர்களுக்கோ, தாங்கள் உதைத்த பந்தைத் தேடி ஓடைக்குள் இறங்குவதே வேலை. இடைவேளைக்குப் பின் இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும் என்ற விதி எதற்காக ஏற்பட்டது என்பதை அந்தத் திடலைப்போல் விளக்கிக் காட்டும் பாடப்புத்தகம் வேறொன்றுமில்லை.

நான் சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் உடற்கல்விப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன். என் பணியின் கடைசி ஆண்டில் கல்லூரிக் கால்பந்து அணியில் நால்வர் நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் அழைப்பின்பேரில், கல்லூரி திறக்கும் முன்னர், ஜூன் மாதத் தொடக்கத்தில் பத்து நாள் பயிற்சியை அம்மலையிலேயே வைத்துக்கொண்டோம். மலைக்காற்றில் மூச்சுப் பலம் பெருகும் என்று சிலர் சொன்னார்கள். அந்த உயரம் அதற்கெல்லாம் போதாது. கீழே கொதிக்கிற வெயிலுக்குத் தப்பினோம் என்பதுதான் உண்மை. மூன்றாம் நாள் மாலை, இடதுபுறப் பின்காவலில் ஆடும் மலைப்பிள்ளை ஒருவன் என்னருகில் வந்து உட்கார்ந்து, “சார், அடுத்த வருஷம் நீங்க இல்லேன்னா நாங்க எந்த ஆட்டம் ஆடறது?” என்று கேட்டான்.

யார் வருவார் என்று அவன் கேட்டிருந்தால், கல்லூரி முதல்வரைக் கேள் என்று சொல்லித் தப்பியிருப்பேன். எந்த ஆட்டம் ஆடுவது என்றல்லவா கேட்டுவிட்டான்! அப்படியானால் இத்தனை ஆண்டுகளும் அவர்கள் ஆடியது என்னுடைய ஆட்டம்தானா? அவர்களுடையது என்று ஒன்று உண்டாகவே இல்லையா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் இரவு அவர்களை உட்காரவைத்து ஒரு வரலாற்றைச் சொன்னேன். மாணவ நேயர்களே, அதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன். விடைபெற இருந்த ஒரு பயிற்சியாளரின் கடைசிப் பருவத்தைப் பற்றியது அது.

சையத் அப்துல் ரஹீம் என்பவர் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆம், வகுப்பில் சுண்ணக்கட்டியைப் பிடித்த கைதான் அது. 1943 முதல் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி, பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயத்தில் அவர் பொறுப்பில் இருந்த இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோல் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. நம்மவர்களில் பலர் அன்று காலணி அணியாமல் ஆடினார்கள். குளிரில் நனைந்த புல்தரையில் வெறுங்காலோடு நின்றவர்களை நினைத்து இரங்குவது எளிது. ஆனால் அந்தப் பத்துக் கோல்களையும் காலணி இன்மையின் தலையில் சுமத்திவிட்டால் நாம் ஒன்றையும் கற்றவர்கள் ஆகமாட்டோம். நம் நாட்டுப் பந்தயங்கள் அக்காலத்தில் எழுபது நிமிடமே ஆடப்பெற்றன. வெளிநாட்டிலோ தொண்ணூறு நிமிடம். தனித்தனியே பந்தைக் காலில் வைத்து விளையாட்டுக் காட்டுவதில் நம்மவர்கள் வல்லவர்கள். எதிரிகளோ பந்தைத் தங்களைக் காட்டிலும் வேகமாக ஓடவிட்டார்கள். ரஹீம் திருத்த முனைந்தது இந்தக் குறையைத்தான்.

அதற்கு அவர் கண்ட வழிகள் என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இன்றும் வியப்பூட்டுவன. பந்தை வைத்துக்கொண்டு எதிரியை ஏய்த்து ஓடக் கூடாது, வந்தவுடன் கூட்டாளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போட்டிகள் நடத்தினார். வலுக்குறைந்த காலால்தான் ஆட வேண்டும் என்று வேறு சில போட்டிகள். ஐந்து பேர், ஏழு பேர் கொண்ட சிறு அணிகளுக்குப் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பந்தயங்கள். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். பந்தயத்தின் விதியாகவே ஆக்கிவிட்டதால், சொல்ல ஆள் இல்லாத இடத்திலும் அந்தப் பாடம் நடந்துகொண்டே இருந்தது.

இங்கே சற்று நின்று, பயிற்சியாளர் என்பவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் இடையே யோசிக்க நேரம் உண்டு. கால்பந்தில் ஊதுகுழல் ஒலித்துவிட்டால் இடைவேளை வரையில் ஆட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியாளர் கத்துவதில் பாதி காற்றோடு போகும்; மீதியைக் கேட்பதற்குள் பந்து வேறிடம் போயிருக்கும். ஆகவே அவருடைய வேலை முழுவதும் ஆட்டத்துக்கு முன்பே முடிந்தாக வேண்டும். பதினொரு தலைகளுக்குள் ஒரே படத்தை வரைந்துவிட வேண்டும்.

அந்தப் படம் எத்தகையது என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளித் திடலில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. அக்கால முறைப்படி, ஒவ்வொரு பின்காவலருக்கும் ‘இவனைப் பிடித்துக்கொள்’ என்று ஓர் எதிரி குறிக்கப்பட்டிருப்பான். நடுப்பின்காவலர் பிடிக்க வேண்டியது எதிரணியின் சென்டர் பார்வர்டை. ஹங்கேரியின் சென்டர் பார்வர்டு ஹிடெக்குட்டியோ, கோலுக்கு அருகே நிற்காமல் நடுத்திடலுக்கு இறங்கி வந்துவிட்டார். பின்காவலர் அவரைத் தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னே பெரிய வெளி திறக்கும். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டிக்குத் தடுப்பார் இல்லை. ஒரே ஓர் ஆளின் இடத்தை இருபது கஜம் பின்னுக்கு இழுத்ததனால் இங்கிலாந்தின் காவல் முழுவதும் குழம்பிற்று. ஹிடெக்குட்டி மட்டுமே மூன்று கோல் போட்டார்.

ரஹீம் இத்தகைய மாற்றங்களைக் கூர்ந்து கவனித்து நம்மவர்களுக்கு ஏற்றவாறு கொண்டுவந்தவர். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெயர் நமக்குக் கிடைத்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்றோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய அதே நாட்டிடம் என்பதை மறவாதீர்கள்.

அவர் ஆட்களைத் தேடிப் பிடித்த விதமும் சொல்லத்தக்கது. செகந்தராபாத்தை ஒட்டிய அம்முகூடா என்ற ஊரில் துளசிதாஸ் பலராம் என்ற ஏழை இளைஞர் இருந்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். நகருக்கு வந்துபோகக் கையில் காசில்லை. வாடகை மிதிவண்டிக்கு ரஹீமே காசு கொடுத்தார். அந்தப் பலராம்தான் பின்னர் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகியோரோடு சேர்த்து இந்தியாவின் மும்மூர்த்திகளுள் ஒருவராக எண்ணப்பட்டார். இந்த இடத்தைச் சொன்னபோது, ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்த என் மலைப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இனி அந்தக் கடைசிப் பருவத்துக்கு வருவோம்.

1962 ஆகஸ்டு மாதம் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் பந்தயம். ரஹீமுக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. உடல் நலிந்த நிலையிலேயே அணியைப் பழக்கி அழைத்துச் சென்றார். தலைவர் சுனி கோஸ்வாமி. கோல் காவலில் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத் பகுதியில் வளர்ந்த தமிழர்; மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பை வென்றபோது ஆடியவர். அருமைநாயகம், எத்திராஜ் என்று வேறு தமிழ்ப் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

முதல் ஆட்டமே தோல்வி. தென்கொரியா நம்மை 2-0 என்று வென்றது. 1956, 1960 ஆகிய இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்று வந்த அணி அது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். பிரத்யுத் பர்மன் அவரிடத்தில் நின்றார். தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில், பின்காவலின் தூணாகிய ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடும்படி ஆயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்து சேர்ந்தபோது, அணியில் முழு நலத்தோடு நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தலையில் தையலோடு ஒருவரைப் பின்காவலில் நிறுத்தினால், உயரே வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் அந்தத் தலையாலேயே தடுக்க வேண்டும். நீக்கிவிட்டாலோ அவருடைய உடல்வலிமையும் நெஞ்சுரமும் அணிக்கு இல்லை. ரஹீம் இரண்டையும் செய்யவில்லை. ஜர்னெயில் சிங்கைச் சென்டர் பார்வர்டாக முன்னே நிறுத்தினார்! தென்வியட்நாமோடு நடந்த அரையிறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. கோஸ்வாமி இரண்டு, ஜர்னெயில் சிங் ஒன்று.

பலர் இதை ரஹீமின் சாதுரியம் என்று புகழ்ந்து அத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. தூணை இடம் பெயர்த்தால் கூரை விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. அருண் கோஷ் முதலானோர் அந்த வெற்றிடத்தை நிரப்பி நின்றார்கள். தன் இடத்தை மட்டும் அறிந்த பதினொருவரைக் கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. பக்கத்தில் நிற்பவனின் வேலையையும் ஒவ்வொருவனும் அறிந்திருந்தான் என்பதே இதற்குப் பொருள். அது ஜகார்த்தாவில் கற்பித்த பாடமன்று.

இதற்கிடையே திடலுக்கு வெளியே வேறொரு புயல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு பந்தயத்தில் சேர விடாததை, இந்தியரான ஜி.டி. சோந்தி ஒலிம்பிக் நிர்வாகி என்ற முறையில் கண்டித்தார். இதனை ஆசியப் பந்தயம் என்று அழைக்கவே கூடாது என்றார். ஜகார்த்தாவில் இந்தியர்மீது கோபம் மூண்டது. செப்டம்பர் 3 அன்று இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மறுநாள்தான் இறுதி ஆட்டம். வண்டியிலிருந்த நம் கொடியை எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டு திடலுக்குச் சென்றதை ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடிய செனாயன் அரங்கில் நமக்கு எதிராக எழுந்த கூச்சலுக்கிடையே, பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அரசுகளின் பகை எத்தகையதாயினும், ஆடுகிறவனின் தனிமையை ஆடுகிறவன் அறிவான்.

முந்தின இரவு ரஹீம் தம் பிள்ளைகளிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்கட்டும் என்று கேட்டார் என்பது அணியினர் வழியாக வந்த செய்தி. செப்டம்பர் 4-ஆம் நாள், எதிரே நின்றது முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென்கொரியா. காய்ச்சல் தெளிந்த தங்கராஜ், தம் நெடிய உருவத்தோடு கோலுக்குத் திரும்பியிருந்தார். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னெயில் சிங் மற்றொன்று. 85-ஆம் நிமிடத்தில் கொரியா ஒன்றைத் திருப்பிற்று. அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. 2-1.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். 2024-இல் வெளிவந்த ‘மைதான்’ என்ற இந்திப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் கண்ணீரோடு வந்தார். நான் அவரிடம் அதற்குப் பிந்திய கணக்கைச் சொன்னேன். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசியப் பந்தயத்தில் வெண்கலம். அத்தோடு சரி. ஆசியத் தங்கம் மறுபடி வரவில்லை. 1960-இல் ரோமாபுரியில் ரஹீமின் பொறுப்பில் ஆடியதே ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து கடைசியாகத் தலைகாட்டியது. அந்த ஆட்டக்காரர்கள் ஆடும் வரையில் அவர் கற்பித்தது அவர்கள் கால்களில் இருந்தது. பி.கே. பானர்ஜி போன்றோர் தாமே பயிற்சியாளராகி அதில் ஒரு பகுதியைக் கொண்டுசென்றார்கள். ஆனால் ஊர்தோறும் பள்ளிதோறும் அந்த வலுக்குறைந்த கால் பந்தயங்களை நடத்துவதற்கு என்று நாட்டில் ஏற்பாடு ஒன்றும் நிலைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள், அமைப்புக் கற்றுக்கொள்ளவில்லை.

வேறு விதமாகவும் நடப்பதுண்டு. அமெரிக்காவில் கல்லூரி ‘புட்பால்’ என்றால் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அங்கே நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை டாம் ஆஸ்பார்ன் என்பவர் 25 பருவங்கள் நடத்தினார். 1997 டிசம்பரில் விலகப் போவதாக அறிவித்தார். 1998 ஜனவரி 2 அன்று தம் கடைசி ஆட்டத்தில் டென்னசி அணியை 42-17 என்று வென்று, அப்பருவத்தில் ஒரு தோல்வியும் இன்றி விடைபெற்றார். அவரிடத்துக்கு வந்த பிராங்க் சோலிச், அதே அணியில் மாணவனாக ஆடி, 19 ஆண்டு துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆறு பருவங்களில் 58 வெற்றிகள். அப்படியும் 2003-இல் அவரை நீக்கிவிட்டார்கள்! முன்னவரின் நிழல் அவ்வளவு நீளமாக விழுந்திருந்தது. ஆயினும் ஒன்று மெய். ஆசான் போன மறுநாள் அந்தத் திடலில் ‘எந்த ஆட்டம் ஆடுவது’ என்ற கேள்வி எழவில்லை.

என் திடலில் அது எழுந்துவிட்டது. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் கண்டு மாலைப் பயிற்சிக்குப் போகவில்லை. மறுநாள் விசாரித்தேன். பிள்ளைகள் வந்தார்கள், பந்தையும் எடுத்தார்கள், அரைமணி நேரம் நின்றார்கள், கலைந்துவிட்டார்கள். “நீங்க விசில் ஊதலியே சார்” என்றான் தலைவன். அப்பொழுது அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, மலையிலிருந்து இறங்கியபின் அந்தப் பருவத்தில் ஊதுகுழலைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். வாரம் ஒருவன் பயிற்சியை நடத்த வேண்டும். எதற்காக அப்படிச் செய்கிறான் என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைதோறும் இடக்கால் ஆட்டம். பின்காவலன் ஒரு நாள் முன்னே நிற்பான். கோல் காவலன் ஒரு நாள் வெளியே வந்து ஓடுவான். பலன் உடனே தெரிந்தது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். கல்லூரியில் சிலர், ஓய்வு பெறப் போகிறவர் அக்கறை இழந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது. ஊதுகுழலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் தவித்தேன். ரஹீம் முதல் ஆட்டத்தில் தோற்றதை எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஆறுதல் தேடுகிறவன் தகுதி பார்ப்பதில்லை.

பிப்ரவரியில் கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கி இருந்தோம். இருபது நிமிடம் இருக்கையில், தலைவன் என் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே, இடதுபுறம் ஆடிய மலைப்பிள்ளையை முன்வரிசைக்கு அனுப்பினான். நடுத்திடலில் இருந்தவன் சொல்லாமலே பின்னுக்கு இறங்கினான். நான் அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1-1 என்று ஆட்டம் முடிந்தது. கோப்பை வேறு கல்லூரிக்குப் போயிற்று.

சித்திரை மாதம் விடைபெற்றுக்கொள்வதற்காக நெல்லிவாசல்நாடு சென்றேன். சாய்ந்த திடலில் ஊர்ச் சிறுவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் நின்று அந்தப் பின்காவல் பிள்ளை, “எடங்காலு! எடங்காலு!” என்று கத்திக்கொண்டிருந்தான். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை. ஓடையோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் பந்து சரிவில் உருண்டு என்னைத் தாண்டி ஓடைக்குள் விழுந்தது. “யாரது, பந்தைக் கொஞ்சம் போடுங்க!” என்று மேலிருந்து ஒரு சிறுவன் கூவினான். இறங்கி எடுத்துவந்து, விதியை மதித்து இடக்காலால் உதைத்தேன். பந்து மேட்டில் பாதி தூரம் ஏறி, சற்றே தயங்கி, மறுபடியும் என்னிடமே உருண்டு வந்தது.